மகன் இரண்டு வருட மிஷனுக்குப் போகிறான், அவனுடைய வாரம் அங்கே எப்படி இருக்கும்?

ஃபீனிக்ஸ்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி டர்பன் வந்து 21 வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நாலு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். ஒரே பையன், இப்போது 19 வயது. அவர் போன மறு வருடம் பள்ளித் தோழன் ஒருவனோடு மார்மன் சபைக்கு, அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபைக்கு, போக ஆரம்பித்தான். 17 வயதில் ஞானஸ்நானம் எடுக்கப் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்று வந்து நின்றார்கள். மூன்று நாள் தூங்காமல் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், ஏனென்றால் அப்பா போன பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததே அங்கே போய் வந்த நாட்களில்தான்.

இப்போது மிஷன், அதாவது சபைக்காக வெளியூர் போய் மதப் பிரச்சாரம் செய்கிற ஊழியத்துக்கு, ஸாம்பியாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு வருடம். எந்த ஊர் என்று இவர்கள் கேட்கவும் முடியாதாம், தலைமையிடத்திலிருந்து சொல்கிற இடத்துக்குப் போக வேண்டுமாம். நான் இன்னும் சாமி கும்பிடுகிறவள்தான், அவன் என்னை ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. சபையில் டீ கூடாது என்று டீயை விட்டுவிட்டான், அதனால் இரண்டு வருடமாக அவனுக்கு மட்டும் ரூய்போஸ் என்கிற இந்த ஊர் மூலிகை இலையை இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில் கொதிக்க வைத்துத் தருகிறேன், அது அவர்களுக்குச் சரிதானாம்.

அங்கே யார் சமைத்துப் போடுவார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், போனில் பேச விடுவார்களா? ஆவணியில் அவன் அப்பாவுக்குத் திதி வருகிறது, அதுதான் நெஞ்சை அடைக்கிறது. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிட்வே_2014:

அக்கா, நான் வெருலம். 2014லிருந்து 2016 வரை அதே ஸாம்பியாவில் இருந்தவன், பாதி நாளுக்கு மேல் கிட்வேயில். முதலில் ஜோகன்னஸ்பர்க்கில் சில வாரம் பயிற்சி, அப்புறம் நேராகக் களம். என் அம்மாவும் இப்படித்தான் தவித்தார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காலை 6.30க்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, அதற்குப் பிறகு வேதப் படிப்பு, தனியாக ஒரு மணி, கூடத் தங்கும் துணை ஊழியரோடு ஒரு மணி. பத்து மணி வாக்கில் வெளியே இறங்கினால் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு. 10.30க்கு விளக்கணைப்பு. 2017ல் இந்த நேரங்களைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். எப்போதும் இரண்டு பேராகத்தான், கடைக்குப் போனாலும் சரி, முடி வெட்டப் போனாலும் சரி. ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமோ ஆளோ மாறலாம். மனதுக்குப் பிடித்தவன் அமைந்தால் ஆறு வாரம் ஆறு நாளாக ஓடிவிடும், பிடிக்காதவன் அமைந்தாலும் ஒரே அறையில்தான் படுக்க வேண்டும், சண்டை போட்டால் அன்றைக்கே பேசித் தீர்த்தாக வேண்டும். நான் அங்கே கற்றதில் இன்றுவரை உதவுவது அதுதான்.

வேலை என்றால் பெரும்பாலும் நடைதான். "நாலு மணிக்கு வாங்க" என்பார்கள், செம்மண் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் நடந்து போவோம், வாசலில் குழந்தை வந்து "அப்பா இல்லை" என்று சொல்லும், திரைக்குக் கீழே அவருடைய கால் தெரியும். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடப்போம். முதல் இரண்டு மாதம் அது ரொம்ப வலிக்கும், உங்கள் மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பிரசங்கத்தைவிட எனக்கு நினைவில் நிற்பது ஒரு பாட்டியின் சோளக் கொல்லையில் வாரா வாரம் போய் மண்வெட்டி பிடித்ததுதான், அந்த மாதிரி ஊழியத்துக்கும் வாரத்தில் நேரம் ஒதுக்குவோம்.

ஞாயிறு ஆராதனை, 2019லிருந்து இரண்டு மணி நேரம், அதற்கு முன்னால் மூன்று. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம். புரட்டாசி விரதம் இருந்து வளர்ந்த பிள்ளைக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. வார நடுவில் பக்கத்துப் பகுதி ஊழியர்களோடு ஒரு கூட்டம் இருக்கும்.

திங்கட்கிழமைதான் அவனுடைய நாள். துணி துவைப்பது, மாவும் முட்டையும் வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான், சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வெள்ளைச் சட்டை துவைக்க அவனுக்கு நீங்கள் கற்றுக் கொடுங்கள் அக்கா. காலரை நனைத்து, சன்லைட் பாரைத் தேய்த்து, ஒரு மணி நேரம் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்பின் மேலே தேய்த்தால்தான் அந்தச் சிவப்பு போகும். வெளியே காயப்போட்ட எந்தத் துணியையும், உள்ளாடை வரைக்கும், இஸ்திரி போடாமல் உடுத்தக் கூடாது. புட்ஸி என்று ஒரு ஈ, ஈரத் துணியில் முட்டை வைக்கும், புழு தோலுக்குள் இறங்கிக் கொப்புளமாகிவிடும். நான் சோம்பல்பட்டு ஒரு பனியனை அப்படியே போட்டு, முதுகில் மூன்று கொப்புளத்தோடு ஒரு வாரம் கவிழ்ந்து படுத்தேன்.

சாப்பாடு நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. அவர்களே சமைத்துக்கொள்வார்கள், சபைக் குடும்பங்களும் கூப்பிட்டுப் போடும். இன்ஷிமா என்று வெள்ளைச் சோள மாவில் களி, கூடவே கபென்டா என்கிற பொடி மீன் கருவாடு. நம்ம வீட்டுக் களியும் நெத்திலியும்தான், கையால் உருட்டித்தான் சாப்பிடுவார்கள். மசாலாத் தூள் மட்டும் நிறையக் கட்டிக் கொடுங்கள். என் தூளுக்காக அமெரிக்கத் துணைவன் ஒருவன் சமையலறையிலேயே காத்துக்கொண்டு நிற்பான்.

மலேரியா மாத்திரை, கொசுவலை இரண்டையும் அவன் விடக் கூடாது. காய்ச்சல் என்றால் அன்றைக்கே மிஷன் தலைவரின் மனைவிக்குப் போன் போக வேண்டும், எங்கள் காலத்தில் அவர்தான் தாய் மாதிரி பார்த்துக்கொண்டார்.

செல்வி_டொங்காட்:

தம்பி எழுதியதில் போன் விஷயம் விட்டுப்போயிற்று. அவர் காலத்தில் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் பேசலாம், மற்றபடி மின்னஞ்சல். 2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் பேசலாம், வீடியோவிலும் பேசலாம். என் மகள் 2022ல் கேப் டவுன் மிஷனுக்குப் போனாள், பெண்களுக்கு 18 மாதம். திங்கள் காலை நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காத்திருப்பேன், சரியாக அந்த நேரத்துக்குக் கரண்ட் போய்விடும், போனில் இருக்கிற டேட்டாவை வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசுவேன். அவள் ஒரு வாரம் கலகலப்பாகப் பேசினால் அடுத்த வாரம் ஒரு வார்த்தை வராது. மூன்றாவது மாதம் அழுதாள், நானும் கூடச் சேர்ந்து அழுதது தப்பு, பிறகு இரண்டு நாள் அவளுக்கு வேலையே ஓடவில்லையாம். அப்புறம் அழுகையைப் போன் வைத்த பிறகு வைத்துக்கொண்டேன். தங்கை தேர்வு, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, மாமரத்தில் எத்தனை காய் என்று சின்ன சின்ன சமாச்சாரம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும்.

எட்ஜ்கோம்ப்_ஐயா:

அம்மா, நான் மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம், கோயில் காரியங்களில் பல வருடமாக இருப்பவன். பிள்ளைகள் மதம் மாறும்போது எனக்கு வருத்தம்தான், அதை ஒளிக்க மாட்டேன். 1860லிருந்து கூலிகளாகக் கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் உழைத்து, அந்த உழைப்பில் மிஞ்சியதை வைத்து நம்மவர்கள் கட்டிய கோயில்கள் இவை. ஆனாலும் அவன் உங்கள் பிள்ளை, சண்டை போட்டு வழியனுப்ப வேண்டாம்.

இரண்டு விஷயம் அவனிடம் நேராகக் கேளுங்கள். இந்தச் சபையில் 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், கொடுக்கவில்லை. ஸாம்பியாவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், அவன் தனக்கே ஒரு பதில் தேடி வைத்துக்கொண்டு போகட்டும். இன்னொன்று, இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு, 2020ல் உம்ஸ்லாங்கா பக்கம் திறந்த டர்பன் ஆலயம் அந்த மாதிரிச் சடங்குகளுக்குத்தான். அப்பாவின் பெயரை அங்கே கொடுக்கப் போகிறானா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

திதிக்குக் கவலை வேண்டாம். மகன் ஊரில் இல்லையென்றால் பங்காளி ஒருவரை வைத்துச் செய்யலாம், உங்கள் கொழுந்தனார் இருந்தால் அவரையே உட்கார வையுங்கள்.

ஃபீனிக்ஸ்_அம்மா:

எல்லோருக்கும் கோடி நன்றி. ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அவனிடம் கேட்டேன். முதல் கேள்விக்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். சபையில் சேரும் முன்பே அதைப் படித்து அழுததாகவும், கேட்கிறவர்களிடம் அது நடந்தது என்று ஒத்துக்கொள்வதாகவும் சொன்னான்.

இரண்டாவதுக்கு உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தான். அவன் அப்பா வழிக் கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் கப்பலில் வந்தபோது எழுதிய பதிவு, எண், தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் அதில் இருக்கிறது. இதை எப்போது தேடினான் என்றே எனக்குத் தெரியாது. பிறந்து 110 வருடம் ஆகாதவர் என்றால் நெருங்கிய உறவின் சம்மதம் இல்லாமல் பெயரைக் கொடுக்கக் கூடாதாம், அப்பாவுக்கு அந்தச் சம்மதம் என்னுடையதாம். வேண்டாம் என்று சொன்னேன். "சரிம்மா" என்றான், வேறு எதுவும் பேசவில்லை. திதி அன்றைக்குத் தலைவரிடம் அனுமதி கேட்டுப் போன் செய்கிறேன், சித்தப்பா உட்காரும் நேரம் நானும் போனில் இருக்கிறேன் என்றான்.

இன்று காலை ஒரு வெள்ளைச் சட்டையில் வேண்டுமென்றே மஞ்சள்தூளைக் கொட்டித் துவைக்கச் சொன்னேன். போகவில்லை, ஆனால் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டான். தம்பி, சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், நம்ம ஊர் பிளக் அங்கே சேருமா?

கிட்வே_2014:

சேராது அக்கா. அங்கே பெரும்பாலும் பிரிட்டிஷ் மாதிரி சதுர மூன்று முள், நம்ம பெரிய உருண்டை முள் நுழையாது. இரண்டு அடாப்டர் வாங்குங்கள், ஒன்றைத் துணைவன் எடுத்துக்கொள்வான். மஞ்சள் கறையை ஈரத்தோடு வெயிலில் போட்டு வையுங்கள், சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும்.