‘ஃபென்சஸ்’: முழுக்க முழுக்கப் பேச்சு, இதைச் சினிமா என்று சொல்லலாமா?

பின்வரிசை:
ஒருவழியாக ‘ஃபென்சஸ்’ (2016) பார்த்து முடித்தேன். ஆகஸ்ட் வில்சனின் நாடகம், டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்திருக்கிறார். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வயோலா டேவிஸுக்கு ஆஸ்கர் கொடுத்ததும் சரிதான். ஆனால் படம் 139 நிமிடம், அதில் பெரும்பகுதி பிட்ஸ்பர்க்கில் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்று பேசுகிறார்கள். நாயகன் டிராய் குப்பை அள்ளுகிறவன், பதினைந்து வருஷம் ஜெயிலில் இருந்தவன், கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த லீக்கில் பேஸ்பால் ஆடியவன், பெரிய லீக் கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டபோது அவனுக்கு வயசாகிவிட்டது. காட்டுவதற்கு எவ்வளவு இருக்கிறது! ஜெயிலையும் காட்டவில்லை, மைதானத்தையும் காட்டவில்லை, எல்லாவற்றையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்தால் அப்புறம் கேமரா எதற்கு?

தெற்குவாசல்:
காட்டியிருந்தால் படம் செத்திருக்கும். டிராய் சொல்வதில் எது நடந்தது, எது அளப்பு என்று நமக்குத் தெரியக்கூடாது. நிமோனியாவில் கிடந்தபோது மரணத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன் என்கிறான், பக்கத்திலேயே மனைவி ரோஸ் நின்றுகொண்டு, ஒவ்வொரு தடவையும் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறாய் என்கிறாள். பேஸ்பால் விஷயமும் அப்படித்தான். கறுப்பன் என்பதால் என்னை விடவில்லை என்று அவன் சொல்கிறான், உனக்கு வயசாகிவிட்டிருந்தது என்று அவள் சொல்கிறாள். அவன் சிக்ஸர் மாதிரி ஒரு அடி அடிப்பதை ஃபிளாஷ்பேக்கில் காட்டிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மகன் கோரி காலேஜில் ஃபுட்பால் ஆடக் கிடைத்த வாய்ப்பை அவன் கெடுப்பது பயத்தாலா பொறாமையாலா என்று நாம் கடைசிவரை தடுமாறுகிறோமே, அது இருந்திருக்காது.

கைதட்டல்:
நான் ரோஸ் காட்சிக்காகவே இதை இரண்டாவது தடவை பார்த்தேன். ஆல்பெர்ட்டா என்கிற பெண்ணுக்கு என்னால் குழந்தை பிறக்கப்போகிறது என்று டிராய் கொல்லையில் வைத்துச் சொல்கிறான். சொல்லிவிட்டு, பதினெட்டு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது என்று தன் கஷ்டத்தைப் பேச ஆரம்பிக்கிறான். நானும் உன் கூடத்தானே அங்கேயே நின்றேன், எனக்கும் ஆசைகள் இருந்ததே என்று ரோஸ் வெடிக்கிறாள். வயோலா டேவிஸுக்குக் கண்ணீரோடு மூக்கும் ஒழுகுகிறது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பேசிக்கொண்டே போகிறார். இவர்கள் இரண்டு பேரும் 2010ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் இதே வேடங்களில் நடித்து, நாடகத்துக்கான டோனி விருது வாங்கியவர்கள். அங்கே பத்தாவது வரிசையில் இருந்தவருக்கு அந்த முகம் இவ்வளவு தெரிந்திருக்குமா?

பின்வரிசை:
நல்ல நடிகையின் முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய் வைப்பது இயக்கம் ஆகிவிடாது நண்பரே. டிவி நாடகமாக வந்த ‘12 ஆங்கிரி மென்’ கதையை சிட்னி லூமெட் 1957ல் படமாக எடுத்தார், அதுவும் கிட்டத்தட்ட ஒரே அறைதான். ஆரம்பத்தில் கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிற கேமரா போகப்போகக் கீழே இறங்குகிறது, கடைசிப் பகுதியில் கூரையே தெரிகிறது, லென்ஸை மாற்றி மாற்றிச் சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரி செய்கிறார். அறை இறுகுவதை நம் உடம்பே உணர்கிறது. ‘ஃபென்சஸ்’ கொல்லைக்கு அப்படி என்ன நடக்கிறது? வில்சன் 2005ல் இறந்துவிட்டார், திரைக்கதை அவர் விட்டுப்போனது. மறைந்தவரின் எழுத்தில் கைவைக்க டென்சலுக்கு மனம் வரவில்லை, அதுதான் பிரச்சினை. கைவைத்த கடைசிக் காட்சியும் சொதப்பல். நாடகத்தில் டிராயின் தம்பி கேப்ரியல் டிரம்பெட்டை ஊதுவான், சத்தமே வராது, பிறகு ஆடுவான், சொர்க்கத்தின் கதவு திறப்பது மேடைக்குறிப்பில் ஒரு வரிதான். படத்தில் மேகம் விலகி வானத்திலிருந்து வெளிச்சம் கொட்டுகிறது.

மூன்றாம்மணி:
ஒன்றைக் கவனித்தீர்களா, ஆல்பெர்ட்டாவைப் படத்திலும் காட்டவே இல்லை. பாலசந்தர் தன் ‘எதிர் நீச்சல்’ நாடகத்தை 1968ல் படமாக்கியபோது இருமல் தாத்தாவை வெறும் இருமல் சத்தமாகவே விட்டுவைத்தார். கேமரா கையில் இருந்தும் ஒரு ஆளைக் காட்டாமல் விடுவது சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் ஒரு முடிவுதான்.

தெற்குவாசல்:
அதேதான். கடைசிக் காட்சி எனக்கும் உறுத்தியது, ஆனால் அதற்காக வில்சனின் வரிகளைக் குறைத்திருக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். படம் குப்பை வண்டியில் தொடங்குகிறது. ஓட்டுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள், பின்னால் தொங்கிக்கொண்டு குப்பை அள்ளுகிறவர்கள் கறுப்பர்கள். அந்தத் தொங்கலிலும் டிராயும் அவன் நண்பன் போனோவும் விடாமல் பேசிக்கொண்டு வருகிறார்கள். இந்த அநியாயத்தை எதிர்த்துக் கேட்டு டிராய் டிரைவர் ஆகிறான். ஆன பிறகு போனோவிடம் என்ன சொல்கிறான்? முன்னால் உட்கார்ந்தால் பேச ஆளே இல்லை என்கிறான். இந்த மனிதனிடம் இருக்கிற ஒரே சொத்து பேச்சு. சம்பளத்தைக் கொண்டுவந்து ரோஸ் கையில் கொடுத்துவிடுகிறான், வீடுகூடத் தம்பி கேப்ரியல் போரில் தலையில் அடிபட்டதற்குக் கிடைத்த பணத்தில் வாங்கியது. பேசும்போது மட்டும்தான் அவன் ராஜா. அதை வெட்டச் சொல்கிறீர்களே, எந்த இடத்தை வெட்டுவீர்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பின்வரிசை:
தாராளமாகச் சொல்கிறேன். முதல் அரைமணி நேர வெள்ளிக்கிழமைப் பேச்சு, சம்பள நாளன்று ஜின் பாட்டிலை வைத்துக்கொண்டு டிராயும் போனோவும் சிரித்துச் சிரித்துப் பேசுவது, அதில் பாதியைத் தூக்கியிருப்பேன். மூன்று கதைக்குப் பதில் ஒரு கதை போதும், ஆள் எப்படி என்று புரிந்துவிடுகிறது.

தெற்குவாசல்:
ஆள் புரிந்துவிடும், நட்பு புரியாது. அந்தக் கதைகளை போனோ ஏற்கெனவே எத்தனையோ தடவை கேட்டிருப்பான், இருந்தும் வாய்விட்டுச் சிரிக்கிறான். டிராய் ரோஸுக்குத் துரோகம் செய்த பிறகு போனோ வருவதே நின்றுபோகிறது, டிராய் தனியாக உட்கார்ந்து குடிக்கிறான். முதலில் அந்த அரைமணி நேரம் நாமும் அவர்களோடு உட்கார்ந்து சிரித்திருந்தால்தானே இங்கே அவன் இழந்தது என்னவென்று நமக்கு உறைக்கும்? ஒரு கதையோடு நிறுத்தியிருந்தால் போனோ வராமல் போவது ஒரு தகவலாகத்தான் வந்து போயிருக்கும்.