கார்ட்ரிட்ஜ் உறைந்த கதை: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேனே, டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டுக் கராஜில் கிடைத்த, கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் செருகும் ஆட்டக் கார்ட்ரிட்ஜை டிஸ்க் இமேஜாக்கினால் (டிஸ்கின் நகல் கோப்பாக்கினால்) தலைப்புத் திரையோடு உறைந்துவிடுகிறது என்று? ஒருவழியாக ஓடிவிட்டது.

முதல் கோளாறு என் அவசரம். 8 கே (கிலோபைட்) கார்ட்ரிட்ஜில் இருப்பது 8192 பைட்தான். கார்ட்ரிட்ஜை நகலெடுத்து வைக்கும் சிஆர்டி கோப்போ 8272. முன்னால் நிற்கும் 80 பைட் வெறும் தலைப்புத் தகவல்; அதை வெட்டிவிட்டு, ஏற்றும் முகவரிக்கான 2 பைட்டை முன்னால் ஒட்ட வேண்டும். பிறகு நினைவகத்தில் 32768 என்ற முகவரியில் ஏற்றி, மறுதொடக்கம் செய்யும் சிஸ் 64738 என்ற கட்டளையைக் கொடுத்தால், இயந்திரம் 32772-இல் 'சிபிஎம்80' என்ற அடையாளத்தைப் பார்த்து, கார்ட்ரிட்ஜ்தான் செருகியிருக்கிறது என்று நம்பித் தொடங்கிவிடும். பாவம்!

உறைந்ததற்குக் காரணம் வேறு. இந்த ஆட்டம் வேண்டுமென்றே தன் சொந்த முகவரியிலேயே எழுதிப் பார்க்கிறது. கார்ட்ரிட்ஜில் இருக்கும் ரோம் படிக்க மட்டுமான நினைவகம், அதில் எழுத முடியாது, அதனால் அங்கே ஒன்றும் ஆகாது. எழுதி அழிக்கக்கூடிய ராமில் நகலாக இருந்தாலோ தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். நகல் எடுப்பவனைப் பிடிக்க அந்தக் காலத்து ஆட்கள் வைத்த கண்ணி, கெட்டிக்காரர்கள்தான். நினைவகத்தைப் பார்த்து மாற்ற உதவும் மானிட்டர் என்ற நிரலில், அப்படி எழுதும் அந்த 3 பைட் கட்டளையைத் தேடிப் பிடித்து, மூன்றையும் ஒன்றும் செய்யாத என்ஓபி கட்டளை ஆக்கினேன். தேட இரண்டு ராத்திரி, மாற்ற ஒரு நிமிடம்.

ஒரு ஆட்டத்துக்கு டிஸ்கில் 33 பிளாக் இடம் வேண்டும். டி64 என்ற டிஸ்க் இமேஜ் கோப்பில் 664 இருக்கிறது, ஆக 20 ஆட்டம் அடங்கும். டர்பன் ஈரக்காற்றில் முனை கறுத்துப்போன இன்னும் நாலு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. ஆல்கஹால் வாங்கியாச்சு, சனிக்கிழமை துடைக்கணும்.