புதுப்பிப்பு: நுவரெலியா குளிரில் புகை அடுப்பு, இந்த முறை நெருப்பு அடங்கியது

போன மாதம் எழுதியிருந்தேன், இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கப் பின்வளவில் தகரப் பீப்பாயை வெட்டிச் செய்த புகை அடுப்பில் கரி இரண்டு மணி நேரத்திலேயே தீர்ந்துபோகிறது, பன்றி இறைச்சி வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கிறது என்று. பிழை பிடிபட்டுவிட்டது. மொத்தக் கரியையும் ஒரேயடியாகப் பற்றவைத்துவிட்டு, சூடு ஏறியதும் மேல் துவாரத்தைப் போய் மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது பற்றாத சிரட்டைக் கரியைக் கூடை நிறையக் கொட்டி, நடுவில் குழி பண்ணி, தனியாகச் சிவக்கவைத்த பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் அதில் வைக்கிறேன், நெருப்பு பக்கத்துக் கரிக்கு மெல்ல மெல்லத்தான் தொற்றும். மேல் துவாரம் முழுக்கத் திறந்தே இருக்கட்டும், அடைத்தால் புகை தேங்கி இறைச்சி கசந்துவிடும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த் துவாரத்தில்தான். 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போதே அதை விரல் அளவுக்கு ஒடுக்கினால் 110, 120க்குள் நிற்கிறது, 130 போனபின் ஒடுக்கினால் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும்.

புகைக்கு எந்த விறகு போடுவது என்று கேட்ட அண்ணனுக்கு: நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டை. பக்கத்தில் சும்மா கிடைக்கிறதே என்று பைனஸ் (ஊசியிலை மரம்) போட்டுவிடாதீர்கள், பிசின் புகை இறைச்சியில் கறுப்பாக ஒட்டும். அப்புறம், மழை வந்தாலும் அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது, கரிப் புகை உயிரை எடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டத்தோடு காற்றும் அடித்தது, காற்று வரும் பக்கம் ஒரு பழைய தகரத்தை மறைப்பாக நிறுத்தினேன். ஏழு மணி நேரம் கரி தாங்கியது. இரண்டு கிலோ தோள்பட்டை, எலும்பைத் திருகினேன், சதை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.