நைட்ரிக் ஆக்சைடு போட்டா மைட்டோகாண்ட்ரியா மறுபடி மூச்சு விடவே மாட்டேங்குது, உதவி வேணும்

மண்டபம்_எம்எஸ்ஸி:
கூண்டுல வளத்த கடல்விரால் ஈரல்ல இருந்து மைட்டோகாண்ட்ரியா பிரிச்சு கிளார்க் எலக்ட்ரோட்ல (கரைஞ்ச ஆக்சிஜன அளக்குற கருவி) ஆக்சிஜன் பாக்குறேன், சக்சினேட்டும் அடினோசின் டைபாஸ்பேட்டும் போட்டதும் ஆக்சிஜன் குறைஞ்சு கோடு நல்லா சரியுது, ஆனா நைட்ரிக் ஆக்சைடு குடுக்குற நைட்ரோபுருசைடு விட்டா அப்படியே படுத்துருது, இருபது நிமிஷமாகியும் மறுபடி கீழ இறங்கவே இல்ல. இந்தத் தடுப்பு தற்காலிகம்தான்னு படிச்சேனே? மூணு வாரமா இதே கதை, அழுகையே வருது.

தொண்டி_தம்பி:
நைட்ரிக் ஆக்சைடு சூப்பராக்சைடோட சேந்து பெராக்சிநைட்ரைட் ஆகி, மைட்டோகாண்ட்ரியா மூச்சுச் சங்கிலியோட முதல் புரதத் தொகுதியான காம்ப்ளெக்ஸ் ஒன்ன கெடுத்திருக்கும் அக்கா, அது லேசுல திரும்பாது.

பாம்பன்_ஆய்வகம்:
தம்பி சொல்றது நடக்குறதுதான், ஆனா சக்சினேட் காம்ப்ளெக்ஸ் இரண்டு வழியா உள்ள போகுது, ஒன்னு கெட்டாலும் கோடு படுக்காது. அடைப்பு காம்ப்ளெக்ஸ் நாலுல, ஆக்சிஜன் கடைசியா போய்ச் சேருற சைட்டோகுரோம் ஆக்சிடேஸ்ல இருக்கு. அங்க நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோட போட்டி போட்டுதான் உக்காரும், நானோமோலார் அளவே போதும்னு 1994லயே காட்டிட்டாங்க, அது தீந்ததும் எழுந்து போயிரணும். எழலைன்னா உக்காந்திருக்கிறது வேற ஆளு. நைட்ரோபுருசைடு மூலக்கூறு ஒவ்வொன்னுலயும் 5 சயனைடு இருக்கும்மா, வெளிச்சம் பட்டா கழண்டு வரும். புட்டி என்ன நிறம்?

மண்டபம்_எம்எஸ்ஸி:
அக்கா, கரைச்சப்போ வெளிறுன செம்பழுப்பு. இப்ப வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா பச்சையும் நீலமுமா இருக்கு. கடல் பாத்த ஜன்னல் ஓரம்தான் வச்சிருந்தேன், மத்தியானம் வெயில் நேரா விழும். நைட்ரிக் ஆக்சைடப் பிடிச்சு எடுக்குற ஆக்சிஹீமோகுளோபின் விட்டு சோதிக்கவா?

பாம்பன்_ஆய்வகம்:
இந்தப் புட்டி கெட்டுப் போச்சு, இதோட வேணாம்மா. நைட்ரிக் ஆக்சைடு பட்டதும் அது மெத்ஹீமோகுளோபின் ஆயிரும், மெத் சயனைடையும் பிடிச்சிக்கும், எதால திரும்புச்சுன்னு தெரியாமப் போயிரும். சயனைடு இல்லாம நைட்ரிக் ஆக்சைடு குடுக்குற டைஎத்திலமீன் நோனோயேட் வாங்கு, காரத்துல கரைச்சு ஐஸ்ல வை, நடுநிலை பிஎச் வந்தாதான் உடையும். அரை ஆயுள் 37 டிகிரில 2 நிமிஷம், அறைச் சூட்டுல 16 நிமிஷம் வரைக்கும் போகும், அதனால சேம்பர் சூட்ட குறிச்சுக்க. ஆக்சிஜன் 200 மைக்ரோமோலார் இருக்கும்போது ஒரு தடவை, 30க்கு இறங்குனப்பறம் ஒரு தடவை விடு. போட்டின்னா ஆக்சிஜன் கீழ போகப் போக தடுப்பு கூடும். பழைய புட்டிய சிங்க்ல ஊத்திராத, ஆசிட் பக்கம் கொண்டே போகாத, சயனைடு வாயு வரும்.

மண்டபம்_எம்எஸ்ஸி:
அக்கா, இன்னைக்கு நோனோயேட் விட்டேன், 37 டிகிரி. 200ல விட்டதும் கோடு படுத்துச்சு, கையப் பிசைஞ்சிட்டு உக்காந்திருந்தேன், ஆறாவது நிமிஷம் மெதுவா சரிய ஆரம்பிச்சு அப்புறம் பழைய சரிவுக்கே வந்துருச்சு. 30ல அதே அளவு விட்டதுக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு. நைட்ரோபுருசைடு போட்டு எடுத்த கிராஃப் எல்லாத்தையும் தீசிஸ்ல இருந்து எடுக்குறேன்.

தொண்டி_தம்பி:
சேம்பர நல்லா கழுவுங்க அக்கா, சவ்வையும் மாத்திருங்க.