ஆரஞ்சுச் சதுரம், எட்டி உதைக்கும் பூட்ஸ்: இந்த ஆப்பிள் 2 விளையாட்டின் பெயர் என்ன?

பழைய_ஃப்ளாப்பி:
சின்ன வயதில் மாமாவின் ஆப்பிள் 2 கணினியில் ஒரு விளையாட்டு ஆடுவேன். பெயர் அடியோடு மறந்துவிட்டது. அதில் நாம் ஓர் ஆரஞ்சு நிறச் சதுரம். திரையின் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த அறை வரும். அங்கங்கே கிடக்கும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டினால் ஒரு பூட்ஸ் வட்டம், கட்டம் எல்லாவற்றையும் எட்டி உதைக்கும். "இது விளையாட்டில்லடா, பாடம்" என்பார் மாமா. எனக்கு உதைதான் முக்கியம். தேடிப் பார்த்தால் ஓரிகன் டிரெயில் மாதிரி எல்லோருக்கும் தெரிந்தவைதான் வருகின்றன. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

கேட்_காவலன்:
ராக்கிஸ் பூட்ஸ்! 1982, த லர்னிங் கம்பெனி வெளியீடு. வாரன் ராபினெட்டும் லெஸ்லி கிரிம்மும் செய்தது. அடாரி 2600 வீடியோ கேம் பெட்டிக்கு அட்வென்ச்சர் என்ற விளையாட்டை எழுதிய அதே ராபினெட். அதிலும் நாம் வெறும் சதுரம்தான், அறை அறையாகத்தான் அலைவோம். நீங்கள் ஒட்டியதெல்லாம் ஆண்ட், ஆர், நாட் கேட்டுகள், அதாவது வரும் சிக்னலைப் பார்த்து ஆம், இல்லை என்று முடிவெடுக்கும் துண்டுகள். உதைக்கிற ஆசையில் டிஜிட்டல் சர்க்யூட் கட்டியிருக்கிறீர்கள்.

பழைய_ஃப்ளாப்பி:
அதேதான்! நன்றி. ஆனால் இப்போது வேறு தலைவலி. முதலில் கிடைத்த டிஎஸ்கே கோப்பு (ஃப்ளாப்பியின் நகல்) எமுலேட்டரில், அதாவது பழைய கணினி மாதிரி நடிக்கும் மென்பொருளில், பாதியில் நின்றுவிடுகிறது. இன்னொரு பிரதி ஓடுகிறது, ஆனால் எல்லாமே கோடு கோடாக வெள்ளையாகத் தெரிகிறது. ஊதா எது, பச்சை எது என்றே புரியவில்லை. மாமாவிடம் அசல் ஃப்ளாப்பி இருக்கிறது. பழைய பிசி டிரைவில் போட்டுப் படிக்கலாமா?

இரட்டை_டிரைவ்:
முதலில் ஃப்ளாப்பி: வேண்டாம். இரண்டும் 5.25 அங்குலம்தான், ஆனால் ஆப்பிள் எழுதும் முறையே வேறு. சாதாரண பிசி கன்ட்ரோலருக்கு அது புரியாது.

டிஎஸ்கே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நகல் தடுப்பு. டிஎஸ்கே என்பது 35 டிராக் (வட்டிலுள்ள வளையம்), டிராக்குக்கு 16 செக்டார் (வளையத்தின் துண்டு), செக்டாருக்கு 256 பைட், அவ்வளவுதான். தடுப்புப் பூட்டு இருப்பதோ அந்தத் தரவு எழுதப்பட்ட விதத்தில். அது டிஎஸ்கேயில் வராது. வட்டில் இருந்தபடியே பிட்டுகளை எடுத்துவைக்கும் வாஸ் வகைப் பிரதியைத் தேடுங்கள்.

நிறம்தான் எனக்குப் பிடித்த சங்கதி. ஆப்பிள் 2-இன் ஹை-ரெஸ் திரையில் புள்ளிக்கென்று தனி நிறம் கிடையாது. இரட்டைப்படைப் பத்தியில் எரிந்தால் ஊதா, ஒற்றைப்படையில் எரிந்தால் பச்சை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் எரிந்தால் வெள்ளை. ஒரு பிட்டை மாற்றினால் அந்த ஊதாவும் பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகிவிடும். எல்லாம் டிவி சிக்னலை ஏமாற்றி வரவழைத்த நிறம். ஒற்றை நிற மானிட்டரில் ஊதாவும் பச்சையும் ஒரே மாதிரிக் கோடுகள்தான். உங்கள் எமுலேட்டர் அந்த மோடில் மாட்டியிருக்கிறது. ஆப்பிள்வின் என்ற எமுலேட்டர் என்றால் எஃப்9 தட்டத் தட்ட மோடு மாறும்.

ரோபோ_ரசிகை:
நடுவில் ஒரு எச்சரிக்கை. இதில் ருசி கண்டு அதே த லர்னிங் கம்பெனியின் ரோபோ ஒடிஸி (1984) பக்கம் போய்விடாதீர்கள். அதே கேட்டுகள்தான், ஆனால் ரோபோவுக்குள் நுழைந்து வயரிங் செய்ய வேண்டும். நான் இன்னும் வெளியே வந்தபாடில்லை.

பழைய_ஃப்ளாப்பி:
எஃப்9 மூன்று தடவை தட்டினேன், நிறம் வந்துவிட்டது! அப்புறம் ஒன்று, சிரிக்காதீர்கள். ஊதா வட்டத்தை மட்டும் உதைக்க வேண்டும். ஊதா சென்சார், வட்ட சென்சார் இரண்டையும் ஆர் கேட்டில் கொடுத்தேன். ஊதாக் கட்டத்தையும் உதைத்து மைனஸ் வாங்குகிறது.

கேட்_காவலன்:
ஆர் போட்டால் ஏதாவது ஒன்று இருந்தாலே கால் நீளும். ஆண்ட் போடுங்கள்.

பழைய_ஃப்ளாப்பி:
24 புள்ளி வந்துவிட்டது! உடனே மாமாவுக்கு போன் போட்டேன். "இப்பவாவது பாடம் புரிஞ்சுதாடா?" என்றார்.