ஹெட்டிரோசிஸ்: ‘கலப்பின வீரியம்’ போதுமா, ‘கலப்புமிகை’ வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நெல்லின் கலப்பினப் பெருக்கம் பற்றிய கட்டுரைக்காக ஹெட்டிரோசிஸ் (heterosis: கலப்புச் செடி தன் பெற்றோரை விஞ்சி நிற்பது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்கப்பட்டபோது, ‘கலப்பின வீரியம்’ இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பாடநூலிலும் செய்தித்தாளிலும் பழகிவிட்ட அச்சொல்லைப் பொதுவாசகருக்கான எழுத்திலிருந்து விலக்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. மரபியல் கணக்கு நடக்கும் கட்டுரையில்தான் அது இடறுகிறது.

வீரியம் என்றால் செடிக்குள் குடியிருக்கும் ஓர் ஆற்றல் என்றே மனம் கொள்கிறது. ஹெட்டிரோசிஸ் அப்படி ஒரு பொருளன்று. முதல் மகவுச்சந்தியின் (கலப்பில் பிறக்கும் முதல் தலைமுறையின்) அளவுக்கும் பெற்றோரின் அளவுக்கும் உள்ள வேறுபாட்டின் பெயர் அது. ஒப்பிடப்படும் அளவு மாறினால் அதன் மதிப்பும் மாறிவிடும். ஓர் உதாரணக் கணக்காக, பெற்றோர் இருவரும் எக்டருக்கு 4 டன், 6 டன் விளைகிறார்கள், அவர்களின் கலப்பு 7 டன் விளைகிறது, அதே வயலில் ஒப்பீட்டு ரகம் (ஒப்பிட்டுப் பார்க்க உடன் விதைக்கும் வழக்கமான ரகம்) 6.5 டன் தருகிறது என்று கொள்வோம். பெற்றோரின் சராசரியோடு ஒப்பிட்டால் உயர்வு 40 விழுக்காடு. மேலான பெற்றோரோடு ஒப்பிட்டால் சுமார் 17. ஒப்பீட்டு ரகத்தோடு வைத்துப் பார்த்தால் 8-ஐக்கூட எட்டவில்லை. ஒரே செடிக்கு மூன்று வீரியங்கள் இருப்பதாக எழுதினால் வாசகர் குழம்புவது நியாயமே.

இதைவிடப் பெரிய இடறல் குறை எண்ணில் வருகிறது. பூக்கும் நாளைப் பொறுத்தவரை முன்னதாகப் பூப்பதையே பல பயிர்ப்பெருக்கத் திட்டங்கள் விரும்புகின்றன. பெற்றோர் 100, 90 நாட்களிலும் கலப்பு 85 நாட்களிலும் பூத்தால், சராசரியான 95-லிருந்து சுமார் 10.5 விழுக்காடு கீழே ஹெட்டிரோசிஸ் கிடைத்திருக்கிறது. இதை ‘எதிர்மறைக் கலப்பின வீரியம்’ என்று எழுதிப் பாருங்கள்: விரும்பிப் பெற்ற நல்ல பண்பு நோஞ்சான்தனம் போலத் தொனிக்கும்.

‘இனம்’ என்ற நடுப்பகுதியும் தேவையற்றது. நெல்லில் நடக்கும் கலப்பு பெரும்பாலும் ஒரே சிற்றினத்தின் இரு வரிசைகளுக்கு (தனித்தனியே பேணப்படும் வழிகளுக்கு) இடையிலானது. ‘வீரிய ஒட்டு’ என்ற வழக்கைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஒட்டு என்பது இரு செடிகளின் தண்டை இணைப்பது, அங்கே மரபணுக்கள் கலப்பதில்லை.

சென்ற மடலில் ‘மாற்றுப்பண்பிணை ஊக்கம்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல்லமைப்பு அழகானதுதான், ஆனால் இதே வகைச் சொல்லைக் கைவிட்டுத்தான் ஹெட்டிரோசிஸ் என்ற சொல்லே பிறந்தது. மக்காச்சோளத்தில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஹாரிசன் ஷல், அதுவரை ‘வேற்று அல்லீல்களின் சேர்க்கை தரும் தூண்டல்’ என்ற பொருளில் எழுதிவந்தார் (அல்லீல் என்பது ஒரே மரபணுவின் மாற்று வடிவம்). அந்தச் சொல் காரணத்தையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்று கண்டு, எந்தக் கருதுகோளையும் சுமக்காத சுருக்கமான சொல்லாக 1914-இல் ஹெட்டிரோசிஸை முன்வைத்தார். அவருடைய முன்யோசனை வீண்போகவில்லை. பெற்றோர் ஒருவரின் ஒடுங்கு தீய அல்லீலை மற்றவரின் ஓங்கு அல்லீல் மறைப்பதே காரணம் என்பார் ஒரு பக்கம். ஒரே இடத்தில் இரு வேறு அல்லீல்கள் அமைவதே தனி நன்மை என்னும் மிகை ஓங்குத்தன்மைக் கொள்கையார் மறுபக்கம். வெவ்வேறு இடங்களிலுள்ள மரபணுக்களின் இடைவினை என்பார் இன்னொரு பக்கம். நெல்லிலேயே 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஓங்குத்தன்மையை முதன்மைக் காரணமாகச் சொன்னது. 1997-இல், ஷான்யூ 63 என்ற புகழ்பெற்ற கலப்பின் வழித்தோன்றல்களை ஆராய்ந்த குழு மரபணு இடைவினைக்கு முக்கிய இடம் கொடுத்தது.

இவை எதுவுமே இல்லாமலும் மிகை தோன்றலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பெற்றோருக்குக் கதிர் 8, கதிருக்கு மணி 150. மற்றவருக்குக் கதிர் 16, மணி 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மொத்த மணி 1200. கலப்பில் இரு பண்புகளும் எந்த ஓங்குத்தன்மையும் இன்றிச் சரியாக நடுவில் நின்றால் கதிர் 12, மணி 112.5, பெருக்கினால் 1350. எட்டில் ஒரு பங்கு உயர்வு வந்துவிட்டது, ஆனால் ‘ஊக்கம்’ எங்கும் இல்லை. விளைச்சல் என்பது பண்புகளின் பெருக்குத்தொகை என்பதாலேயே இது நேர்கிறது.

ஆகவே என் முன்மொழிவு ‘கலப்புமிகை’. பெற்றோர் சராசரியை ஒட்டியது நடுமிகை, மேலான பெற்றோரை ஒட்டியது மேன்மிகை, ஒப்பீட்டு ரகத்தை ஒட்டியது ஒப்புமிகை. அளவு கீழே இறங்கினால் ‘கலப்புக்குறை’. அது நல்லதா கெட்டதா என்பதை அந்தந்தப் பண்பு சொல்லிக்கொள்ளட்டும்.

*

ஐயா, வணக்கம்.

நெல் வயலில் கலப்பு வேலை பார்ப்பவள் என்ற முறையில் இரண்டு ஐயங்கள். முதலாவது, ‘மிகை’ தமிழில் குற்றத்தைக் குறிக்கவும் வருகிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் குன்றக்கூறலுக்கு அடுத்து மிகைபடக் கூறல் நிற்கிறது. ஒரு நல்விளைவுக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

இரண்டாவது, வயலில் எங்களுக்கு ஹெட்டிரோசிஸைவிட அதை எட்டிப்பிடிக்கும் வழிதான் பாடு. நெல்லில் இப்பண்பு 1926-லேயே பதிவாகிவிட்டது. ஆயினும் ஒவ்வொரு பூவும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், விதையை வயல்கணக்கில் கலந்து எடுக்க வழியில்லாமல் அது ஏட்டளவில் கிடந்தது. சீன நெல் ஆய்வாளர் யுவான் லாங்பிங் 1964-இல் தொடங்கிய தேடலில், அவருடைய குழுவினர் 1970-இல் ஹைனான் தீவில் மகரந்தம் மலடான ஒரு காட்டுநெல்லைக் கண்ட பிறகே பாதை திறந்தது. மலட்டுத்தன்மையைத் தாய்வழியாகக் கடத்தும் ஏ லைன், அதைப் பேணும் பி லைன், விளையும் கலப்பில் மகரந்தத்தை மீட்டுத்தரும் ஆர் லைன் என்ற மூன்றும் 1973-இல் கூடிவந்தன. அந்த மலட்டுத்தன்மைக்குக் காரணம் மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு மரபணு. அதன் செயலை அடக்கும் மீட்பு மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. கட்டுரையில் இந்த வரிசைகளுக்கும் தமிழ்ப்பெயர் இல்லாமல் ‘கலப்புமிகை’ மட்டும் தனித்து நின்றால், தலைப்பாகை கட்டிவிட்டு வேட்டியை மறந்த கதையாகிவிடும்.

மற்றபடி, கலப்புக்குறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தற்கலப்பால் வரும் நலிவோடு யாரும் அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

*

அன்புள்ள அம்மா,

மிகை பற்றிய ஐயம் எனக்கும் இருந்தது. ஆனால் குறளில் அச்சொல் வேறு பொருளிலும் வருகிறது. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்தபின் ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்கையில் (504), இரண்டில் எது கூடுதல் என்று எடைபோட்டுப் பார்ப்பதையே மிகை குறிக்கிறது. நமக்கு வேண்டியதும் அந்த எடைபோடல்தான். ‘கலப்பு’ என்ற முன்னொட்டு சேர்ந்தபின் குற்றப்பொருள் எழ வாய்ப்புக் குறைவு.

தற்கலப்பு நலிவை நீங்கள் பிரித்துக் காட்டியது நல்லது. நெருங்கிய உறவில் தலைமுறை தலைமுறையாகக் கலக்கும்போது வரும் சரிவு அது; ஒரே கலப்பில் அளவு கீழே நிற்பதுதான் கலப்புக்குறை. விவசாயி கலப்பு நெல்லின் விதையை எடுத்து மறுபடி விதைக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை எழுதும்போது இந்த வேறுபாடு உதவும். அடுத்த சந்தியில் வேற்று அல்லீல் கொண்ட இடங்கள் பாதியாகக் குறைவதால், இடைவினை இல்லை என்று கொண்டால் நடுமிகையும் பாதியாகிறது. செடிக்குச் செடி வேறுபாடும் பெருகுகிறது. அங்கே ‘வீரியம் போய்விட்டது’ என்பதைவிட ‘மிகை பாதியாயிற்று’ என்பது கணக்கோடு ஒட்டிவரும்.

வரிசைகளின் பெயரில் உங்கள் கண்டிப்பை ஏற்கிறேன். ஏ லைனுக்கு ‘மலட்டு வரிசை’, பி லைனுக்கு ‘பேண் வரிசை’, ஆர் லைனுக்கு ‘மீட்பு வரிசை’ என்று வைத்துப் பார்க்கலாம். மலட்டு என்பது பெண்பாகத்தையும் சேர்த்துச் சொல்வதுபோல் இருப்பதால் ‘ஆண்மலட்டு வரிசை’ என்று நீட்டவேண்டியிருக்கும்; நீளம் சற்று உறுத்துகிறது. வயலில் நாவுக்கு எது எளிதாக வருகிறது என்று நீங்கள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை கட்டுரையில் ஏ, பி, ஆர் எழுத்துகளே இருக்கட்டும்.