கஞ்சா புகைத்தால் மன அழுத்தம் குறையுமா?

தங்கச்சிமடத்துக்காரர்:
என் மைத்துனர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இலங்கைக் கடற்படையின் ரோந்துக்கு அஞ்சியபடியே வலை இழுத்துத் திரும்பும் நாட்களில் கஞ்சா புகைத்தால்தான் படபடப்பு அடங்குகிறது என்கிறார். ஆனால் இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கையில் புகைப்பதை நிறுத்தியவர், இரவெல்லாம் புரண்டு படுக்கிறார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறார். இது மன அழுத்தமா, கஞ்சாவின் வேலையா?

கீழக்கரை மருந்தியல் மாணவி:
ஐயா, மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. 1992-இல் கண்டறியப்பட்ட அனந்தமைடு என்ற பொருளை மூளை தானே உண்டாக்கி, அச்சத்தை ஆளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் துடிப்பை அடக்கி வைக்கிறது. அழுத்தம் வந்ததும் அனந்தமைடைச் சிதைக்கும் நொதி சுறுசுறுப்படைவதால் அதன் அளவு குறைந்து படபடப்பு ஏறுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி., அனந்தமைடு மூளை உயிரணுக்களில் ஒட்டிக்கொள்ளும் அதே சி.பி.1 ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்வதால் சற்று நேரம் ஆறுதல் கிடைக்கிறது. அளவு கூடினால் கதை மாறுகிறது: சிகாகோவில் 42 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், 7.5 மில்லிகிராம் டி.எச்.சி. உட்கொண்டவர்களுக்கு அழுத்தம் தணிந்தது, 12.5 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்கோ மனநிலை கெட்டது. படகில் பீடிபோல் சுருட்டிப் புகைப்பவர் இந்த வேறுபாட்டை எந்தத் தராசில் நிறுப்பார்?

மண்டபம் வாசகர்:
கஞ்சாவிலுள்ள சி.பி.டி. என்ற இன்னொரு பொருள் நல்லது என்கிறார்களே, அம்மா?

கீழக்கரை மருந்தியல் மாணவி:
பிரேசிலில் 57 ஆண்களை மேடையில் பேசவைத்துப் பார்த்தபோது 300 மில்லிகிராம் சி.பி.டி. பதற்றத்தைக் குறைத்தது, 150-உம் 600-உம் குறைக்கவில்லை. அது தூய்மைப்படுத்தி அளந்து கொடுத்த மருந்து. நம் கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் சரக்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

இராமநாதபுரம் செவிலியர்:
கேட்டவரின் உண்மையான கேள்வி தடைக்காலத்தைப் பற்றியது. நாள்தோறும் புகைப்பவரின் மூளையில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்துவிடுவதால், மூளையின் சொந்த அனந்தமைடு இருந்தும் முன்போல் வேலை செய்வதில்லை. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை தொடங்கி முதல் வாரத்தில் உச்சமடையும். ஏறத்தாழ நான்கு வாரம் தொடாமலிருந்தால் ஏற்பிகள் பெரும்பாலும் மீள்கின்றன. அதற்குள் “பார், இல்லாவிட்டால் தாங்க முடியவில்லை” என்று மறுபடி பற்றவைப்பவர்களே அதிகம். தடைக்காலம் 61 நாள் என்பதால், கடலுக்குத் திரும்புமுன் இதைக் கடக்க அவருக்கு நேரம் இருக்கிறது. உறக்கம் மிகவும் கெட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணிலும் தமிழில் பேசலாம்.